பீட்டா போட்ட திங்கட்கிழமை

உக்காருங்கக்கா. அந்த ஸ்டூல் வேண்டாங்க, ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வந்துருங்க. எங்கூட்டுக்காரர் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கறார், இப்ப வந்துருவார். பாஸ்போர்ட் போட்டோ நானே எடுத்துருவேன். ஆனா எதுத்தாப்ல இருக்கறவங்க மூஞ்சியப் பாத்து, சிரிக்காதீங்க, காத மறைக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வெக்கம். அதனால எடுக்கறது அவர், வெட்டறது நான். இதோ பாருங்க, ஒரு தாளுக்கு எட்டு மூஞ்சி. நேரா வெட்டோணும். கத்தரி துளி கோணுச்சுன்னா இவர் காது பக்கத்துல இருக்கற இவர் தோள்லயே போய் ஒட்டிக்கும்.

என் கால் ஆடறதப் பாத்துச் சிரிக்காதீங்க. அந்த நீலத் துணிக்குப் பின்னால பாப்பா தூளியில இருக்கறா. கயிறு என் கட்டைவிரல்ல கட்டியிருக்குது. நிறுத்தினா எந்திரிச்சுருவா.

நீங்க பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த டீச்சருங்களா? தஞ்சாவூர்ப் பக்கமா? அதான் பேச்சு வேற மாதிரி இருக்குது. நான் அவ்வளவாப் பேச மாட்டேனுங்க. எங்க அத்தைகூட, இவ வாயில எந்நேரமும் கொழுக்கட்டையாம்பாங்க.

எந்தச் சீட்டு? ஓ, அந்த உள்ரூம் கதவுல இருக்கறதா? “கேட்காமல் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது.” அது எங்க கொழுந்தனார் எழுதி ஒட்டினது. எங்கூட்டுக்காரருக்குன்னு நெனைச்சு ஒட்டினார், பாவம். அது ஒரு கதைங்க. யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, அதனால சொல்றேன்.

உள்ரூம்ல கம்ப்யூட்டருக்கு முன்னால ஒரு சுத்தற நாற்காலி இருக்குது, தெரியுதுங்களா? அது என்னுது. என்னுதுன்னா, கடை அவருது, நாற்காலி என்னுது. நான் எட்டாவது முடிச்சுட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. துணியில ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பாத்து ஒதுக்கற வேலை. கல்யாணமாகி வந்தப்ப இங்க ஆல்பம் கோக்கறதுக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவர் வேற ஊருக்குப் போயிட்டார். எங்கூட்டுக்காரருக்கு எடுக்க வரும், கோக்க வராது. பாப்பா வயித்துல இருக்கறப்ப சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒருநா, இத இங்க வெச்சா நல்லா இருக்குமுங்கன்னு சொல்லிட்டேன். சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவர் எந்திரிச்சு நாற்காலியக் குடுத்துட்டார். அதுல உக்காந்திருந்தா ஒருத்தரும் ‘தண்ணி கொண்டா, துணியெடுத்து மடி’ன்னு சொல்ல மாட்டாங்க. அத்தைகூட வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போயிருவாங்க. அதுக்குத்தான் கேடு வந்துச்சு.

எனக்கு உள்ள ரெண்டு பேர் வேலை செய்யறாங்க. ஆளு இல்லீங்க, கம்ப்யூட்டருக்குள்ள. பேரெல்லாம் இங்கிலீசுல நீளமா இருக்கும், நான் சமையக்காரி, பந்திக்காரின்னு வெச்சுக்கிட்டேன். சமையக்காரி படத்தத் திருத்தறவ. பரு எடுப்பா, கறுப்ப வெளுப்பா, மாப்பிள்ளைக்குப் பின்னால கொட்டாவி விடறவரு வாய மூடுவா. பந்திக்காரி தாள் கோக்கறவ. எந்தத் தாள்ல எந்தப் படம், எத்தனை பெருசுங்கறது அவ பொறுப்பு. அவகிட்ட ஒரு பட்டன் இருக்குது. அமுக்கினா படம் சமையல்கட்டுக்குப் போயிரும். அங்க திருத்தி மூடினா தானா வந்து அதே எலையில அதே எடத்துல உக்காந்துக்கும். ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஒத்துமை. எங்கூட்ல அத்தையும் நானும்கூட அப்படி இல்ல.

ஆவணியில வசந்தாமணியக்கா தம்பிக்குக் கல்யாணம். வசந்தாமணியக்கா மஸ்கட்ல இருக்கறவங்க. உங்க பக்கம் இணைச்சீர் உண்டுங்களா? இல்லையா? எங்க பக்கம் அது இல்லாம கல்யாணமே இல்லீங்க. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ பட்டுக் கட்டி, தம்பி பக்கத்துல நின்னு செய்யற சீரு. அந்த நேரத்துக்குப் பொண்ணுகூட ரெண்டாம்பட்சந்தான், இவங்கதான் ராணி. இதுக்காகவே கடல் தாண்டி வந்தாங்க. இருபத்திமூணு படம் எடுத்திருந்தார். இருபத்திமூணுலயும் வசந்தாமணியக்கா கண்ணு மூடியிருக்குது. வெளிச்சம் அடிச்சா மூடிக்கற கண்ணு அது. ஒண்ணுல கொஞ்சம் தெறந்திருக்குதேன்னு பெருசு பண்ணிப் பாத்தா, அது மை.

திங்கக்கிழமை காலையில வந்தாங்க. “ஏம்மா செல்வநாயகி, அடுத்த புதன் சாயங்காலம் நான் கெளம்பறேன். ஆல்பம் என்ற கையில இருக்கோணும். கண்ணு தெறந்திருக்கோணும். தம்பி சீர்ல இவ தூங்கிட்டு நின்னாள்னு என்ற மாமியா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும்.”

புதன்கிழமை ஆல்பம் வரோணும்னா வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள தாளெல்லாம் பிரிண்டுக்குப் போயிரோணும். சாதாரணமா ஒரு படத்துல கண்ணு மூடியிருந்தா இன்னொரு படத்துல இருந்து எடுத்து வெப்பேன். இவங்களுக்கு எங்க போயி எடுக்கறது?

அப்பத்தானுங்க திரையில ஒரு ஓரத்துல ஒரு பொட்டி வந்துச்சு. அதுல ஒரு பெரியவர் கண்ண மூடியிருக்கறார், அடுத்தாப்ல தெறந்திருக்கறார். மூடறார், தெறக்கறார். என்னையவே பாக்கற மாதிரி இருந்துச்சு. கீழ பீட்டான்னு போட்டு ஒரு பட்டன். நாலே எழுத்து, கூட்டிப் படிச்சுட்டேன். அவர் வெளிய போயிருந்தார். அமுக்கினேன். ஒரே ஒரு தடவைதானுங்க அமுக்கினேன். அது நாலு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு, நாலுக்கும் ஆமான்னேன். அது வேற.

புதுச் சமையக்காரி வந்து உக்காந்தாளுங்க, பழையவளுக்குப் பக்கத்துலயே. ஒரு அமுக்கு, வசந்தாமணியக்கா கண்ணத் தெறந்துட்டாங்க! நாலு படத்துல மட்டும் சாப்பாட்டுப் பந்தியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதையும் திருப்பிவிட்டேன். பன்னண்டு படம் அப்படியே மடமடன்னு தெறந்து வெச்சேன். கை சும்மா இருக்கலீங்க. எங்க கொழுந்தனார் நவநீதன், வெடியால இருட்டு முகூர்த்தத்துல கூலிங் கிளாஸ் போட்டுட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால நின்னுட்டு இருந்தார். அவர் மேலயும் அந்தப் பட்டன அமுக்கிப் பாத்தேன். கண்ணாடிக்கு மேலயே ரெண்டு கண்ணு வெச்சுருச்சுங்க! நல்லா பெருசா, எமையோட. நான் சிரிச்ச சிரிப்புல பாப்பா முழிச்சுக்கிட்டா. அப்பறம் அழிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

அதோட சரி. படத்தத் திருப்பி அனுப்பினா பந்திக்குப் போகல. பந்தியில இருந்து பட்டன அமுக்கினா ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, ஹோஸ்ட்டுன்னு என்னமோ இங்கிலீசுல ஒரு பொட்டி வருது. போன அதுமேல காட்டினேன். அது தமிழ்ல மாத்திச் சொல்லும். என்ன சொல்லுச்சு தெரியுங்களா? “விருந்தளிப்பவரைக் கண்டறிய முடியவில்லை.” கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இப்ப வந்து விருந்தளிப்பவரத் தேடினா எங்க இருப்பாரு? வீட்ல படுத்திருப்பாரு.

நிறுத்திப் போட்டேன். ஒயரப் பிடுங்கிச் சொருகினேன். பழைய சமையக்காரியக் கூப்பிட்டேன், அவ வந்தா, ஆனா புதுசு செஞ்ச பன்னண்டையும் அவளால தெறக்க முடியல. சரி, புதியவளத் தொரத்திரலாம்னு போனா, எல்லாத்தையும் நீக்கவான்னு கேக்குது. கைய எடுத்துட்டேன். அவ போனா கண்ணும் போயிரும். வசந்தாமணியக்கா மறுபடி தூங்கிருவாங்க.

செவ்வாக்கிழமை அவர் வந்து பாத்தார். “என்ன புள்ள, மொகம் வாடியிருக்குது?” தலவலிங்கன்னேன். அவர் திரைய ரொம்ப நேரம் பாத்தார். அப்பறம் என்னையப் பாத்தார். “கம்ப்யூட்டருக்கும் தலவலியாட்ட இருக்குது”ன்னுட்டு வெளிய போயித் தம்பிக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை கொழுந்தனார் கோயமுத்தூர்ல இருந்து வந்துட்டார். அவர் கம்ப்யூட்டர் படிச்சவரு. வந்ததும் என் நாற்காலியில உக்காந்து ஒரு சுத்து சுத்தினார். நான் பாப்பாவ எடுத்துக்கிட்டு இந்த நீலத் துணிக்குப் பின்னால வந்து, தூளியில போட்டுக் கால்ல ஆட்டிக்கிட்டு இருந்தேன்.

“யாருண்ணா இந்தப் பீட்டாவப் போட்டது?”

எங்கூட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுங்களா? “நாந்தாண்டா. சோத்துக்கையோட எதையோ அமுக்கிட்டேன்.”

பாத்தீங்களா? அவருக்கு ஞாபகமறதி. போடாததப் போட்டதா நெனைச்சுக்கிட்டார். அவ்வளவு வெகுளிங்க அவரு. ஏமாத்தக் கஷ்டமா இருக்கும் சில நேரம்.

“பீட்டான்னா வெள்ளோட்டம்ணா. இன்னும் வேகல. ஊருக்குக் குடுத்துத் தின்னு பாக்கச் சொல்லுவாங்க.” வேகாத சோத்த எதுக்குப் பந்தியில வெக்கறாங்கன்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல, நாந்தான் பேச மாட்டேனே. “ஒட்டுமொத்தமா அழிச்சுட்டு மொதல்ல இருந்து போடறதுதான் வழி”ங்கறார். எங்கூட்டுக்காரர், “வசந்தாமணி கண்ணு?”ன்னார். “கண்ணாவது மூக்காவது! ஈரோட்ல என்கூடப் படிச்ச பையன் ஆல்பம் பண்றான். இனிமே எல்லாத்தையும் அங்க அனுப்பிரு. அண்ணி பாப்பாவப் பாத்துக்கட்டும். எட்டாவது படிச்சவங்களுக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்? இந்த நாற்காலி நல்லா இருக்குது, வீட்டுக்குக் கொண்டுபோயி அம்மாவுக்குப் போட்ரு. இடுப்புவலிங்கறாங்க.”

அம்மாவுக்கு! துணிக்குப் பின்னால என் கால் அப்படியே நின்னுபோச்சு.

எங்கூட்டுக்காரர் நாற்காலியப் பிடிச்சு நிறுத்தினார். “வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பண்டா. அதுக்குள்ள ஆகலீன்னா அழிச்சுரு. ஈரோட்டுக்கே குடுத்தரலாம்.”

நான் போயி ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொண்டாந்தேன். சக்கரை போட மறந்துட்டேன். ஒரு டம்ளருக்கு மட்டும்.

வியாழக்கிழமை எங்கூட்டுக்காரர் வெளி வேலைக்குப் போயிட்டார், கொழுந்தனார் கோயமுத்தூருக்குத் திரும்பிட்டார். பாப்பா தூங்கினா. நான் போயி நாற்காலியில உக்காந்தேன். கடைசி தடவையாச்சும் உக்காந்துக்கலாம்னுதான். பனியன் கம்பெனியில எங்களுக்கு மேல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க சொல்லுவாங்க, கெட்ட பீசையே மொறச்சுப் பாத்துட்டு இருந்தாத் தப்பு தெரியாதுடி, ஒரு நல்ல பீசப் பக்கத்துல வெச்சுப் பாருன்னு. நல்ல பீசுக்கு எங்க போறது? பழைய ஆல்பத்தயெல்லாம் ஒண்ணொண்ணாத் தெறந்து அந்தப் பட்டன அமுக்கிட்டே வந்தேன். ஒண்ணு போகல. ரெண்டு போகல. சீமந்தம் போகல, மொட்டை போகல, பூப்புனித நீராட்டு ரெண்டும் போகல. ஏழாவது, சர்ச்சுல நடந்த ஞானசௌந்தரி கல்யாணம். அமுக்கினேன்.

போச்சுங்க! சமையல்கட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து எலையில உக்காந்துச்சு!

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். அதே கேமரா, அதே மனுசன், அதே அளவுத் தாளு. சாமி வேற, ஆனா கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும் சாமியப் பத்தி? அப்படின்னு நெனைக்கறப்பவே கண்ணுல பட்டுச்சு. எங்கூட்டுக்காரர் பிள்ளையார் சுழி போடாம ஒண்ணையும் தொடங்க மாட்டார். பால்கணக்குச் சீட்டுலகூடச் சுழி இருக்கும். கம்ப்யூட்டர்ல புது ஃபோல்டர் போட்டாலும் மொதல்ல ‘உ’ன்னு போட்டு, அப்பறந்தான் பேரு. என்னையும் அப்படித்தான் பழக்கியிருந்தார். ஞானசௌந்தரிக்கு மட்டும், அவங்க சாமி வேற, நம்ம சுழியப் போடறது மரியாதை இல்லீன்னு வெறும் பேர இங்கிலீசுலயே போட்டிருந்தார்.

புரியுதுங்களா அக்கா? பழைய சமையக்காரி இங்கயே கெடந்து பழகினவ, சுழியப் பாத்தா வழிவிட்டுப் போயிருவா. புதுசா வந்தவ எந்தச் சீமையோ. வாசல்ல என்னமோ வளைச்சு எழுதியிருக்குது, இது வீடே இல்லீன்னு திரும்பிப் போயிருக்கறா.

எடுத்துட்டாச் சரியாயிரும். ஆனா எடுக்கறது எப்படி? ஒரு தடவ சுழி போடாமப் படத்த ஏத்தினப்ப டிஸ்க்கு செத்துப்போச்சு. அன்னையில இருந்து அவர் அந்த விசயத்துல யார் பேச்சும் கேக்க மாட்டார். நான் சொன்னா, எப்படிக் கண்டுபிடிச்ச, நீ என்னத்த அமுக்கினேன்னு ஆரம்பத்துல இருந்து வரும். அதனால பிள்ளையாருகிட்டயே பேசிட்டேன். சாமி, கோவிச்சுக்காத, ஒவ்வொரு வாசல்லயும் நின்னுட்டே இருந்தா உனக்கும் கால் வலிக்குமில்ல, ஒரே எடத்துல சௌரியமா உக்காந்துக்கன்னு சொல்லிட்டு, மஞ்சளக் கொழச்சு, கம்ப்யூட்டர் பொட்டியச் சாய்ச்சு, அடியில பெருசா ஒரு சுழி போட்டேன். பிறகு ஃபோல்டர் பேர்ல இருந்து எடுத்துட்டு, மிச்சப் பேரையும் இங்கிலீசு எழுத்துல கூட்டிக் கூட்டி எழுதினேன்.

பந்திக்குப் போயிப் பாத்தா அய்யோ! அறுவத்திநாலு தாளும் காலி. பூவு இருக்குது, கரை இருக்குது, மனுசர் ஒருத்தர் இல்ல. மாப்பிள்ளை இல்ல, பொண்ணு இல்ல, வசந்தாமணியக்கா கண்ணோடயும் இல்ல, கண்ணில்லாமயும் இல்ல. கொழுந்தனார் அழிக்கறேன்னுதான் சொன்னார், நான் அழிச்சே போட்டேன்னு உக்காந்திருந்தேன். அப்பறம் ஒரு காலிக் கட்டத்து மேல அமுக்கினா, எங்கன்னு கேட்டுச்சு. ஓ, இவ பழைய வெலாசத்துலயே தேடிட்டு இருக்கறாளான்னு புதுப் பேர்ல இருக்கற ஒரே ஒரு படத்தக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. அவ்வளவுதான், மிச்சத்த அவளே கூட்டிட்டு வந்துட்டா. ஒருத்தர் ஒருத்தரா வந்து அவங்கவங்க எலையில உக்காந்தாங்க. கடைசியா பட்டன அமுக்கினேன். வசந்தாமணியக்கா போனாங்க, வந்தாங்க, கண்ணத் தெறந்துட்டு நின்னாங்க. அழுகையெல்லாம் இல்லீங்க. கண்ணுல மஞ்சப்பொடி.

வெள்ளிக்கிழமை காலையில கொழுந்தனார் அழிச்சுட்டுப் புதுசாப் போடறதுக்கு சி.டி. தட்டு எல்லாம் எடுத்துட்டு வந்துட்டார். ஒருக்கா நிறுத்திப் போட்டுப் பாத்தார். எல்லாம் ஓடுது. “பாத்தியாண்ணா, ரீஸ்டார்ட் பண்ணினாலே சரியாப் போயிருக்குது. இதுகூட உங்களுக்குத் தெரியல.” நான், “தம்பி கைராசிங்க”ன்னேன். எங்கூட்டுக்காரருக்குப் புரையேறிருச்சு. அப்பத்தான் கொழுந்தனார் அந்தச் சீட்ட எழுதி ஒட்டினார். அன்னைக்குக் காப்பியில சக்கரை போட்டேன். எத்தன கரண்டின்னு எண்ண மறந்துட்டேன். அவர் குடிச்ச மொகத்த நீங்க பாத்திருக்கோணும்.

தாளெல்லாம் நேரத்துக்குப் போயிருச்சு. புதன்கிழமை வசந்தாமணியக்கா இதே எடத்துல உக்காந்து ஆல்பத்தப் பாத்தாங்க. “ஏம்மா, என்ற கண்ணு இத்தனை பெருசா?” “ஆமாங்கக்கா, நீங்கதான் தெறந்து பாத்ததில்ல”ன்னேன். மடியில வெச்சுக்கிட்டே ஏர்போர்ட்டுக்குப் போனாங்க. அதுல முப்பத்தோராம் தாள்ல, கூட்டத்துக்கு நடுவுல, கூலிங் கிளாசு மேல கண்ணு முழிச்சுட்டு எங்க கொழுந்தனாரும் மஸ்கட் போயிட்டார். நான் வேணும்னு விடலீங்க. அழிக்கோணும்னு இருந்தேன், அந்த அவசரத்துல மறந்துபோச்சு. ரெண்டு தடவ ஞாபகம் வந்துச்சு, ரெண்டு தடவையும் மறந்துபோச்சு. எங்கூட்டுக்காரர் அந்தத் தாளத் திருப்பறப்ப நின்னார், இருமினார், சட்டுன்னு அடுத்த தாளுக்குப் போயிட்டார். அன்னைக்கு அவருக்குச் சளி.

ஈரோட்டுப் பேச்சு அதோட போச்சு. அம்மாவுக்கு வேற நாற்காலி வாங்கிக்கலாம்னு அவரே சொல்லிட்டார். ஒரு வேடிக்கை சொல்லட்டுங்களா? அதுக்கப்பறம் அவரே புது ஃபோல்டர் போட்டாலும் சுழி போடறதில்ல. சுத்தமா மறந்துட்டார். முப்பத்திரெண்டு வயசுக்குள்ள இத்தனை மறதி ஆகுமாங்க? வெள்ளிக்கிழமைன்னா கம்ப்யூட்டரத் துடைச்சுப் பொட்டு வெப்பார், அந்தப் பொட்டியோட அடிய மட்டும் ஒரு நாளும் துடைக்க மாட்டார். என் நல்ல நேரம்.

வண்டிச் சத்தம் கேக்குதா? அவர்தான், பின்வாசல்ல வந்து உள்ரூமுக்குப் போறார். அக்கா, உங்க கையப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், ஒரு வார்த்த சொல்லிராதீங்க. நான் அவருக்கு ஒண்ணையும் மறைச்சதில்லீங்க, இது ஒண்ணுதான். அவர் நாந்தான் போட்டேன்னு தம்பி முன்னால தலைகுனிஞ்சு நின்னாரு பாருங்க, அது பொய்யின்னு தெரிஞ்சா அவர் மனசு...

என்னங்க? இங்கதான் இருக்கறேன். டீச்சரக்கா வந்திருக்கறாங்க, பாஸ்போர்ட்டுக்கு. என்னது, ஓரத்துல மறுபடி அந்தப் பொட்டி வந்திருக்குதா? பெரியவர் கண்ண மூடி மூடித் தெறக்கறாரா? அதுக்கு என்னைய ஏனுங்க கூப்படறீங்க, நீங்கதானே அன்னைக்குச் சோத்துக்கையோட... என்ன? போன தடவ நான் நாலு ஆமாவும் எந்த வரிசையில அமுக்கினேன்னா? அக்கா, இந்தக் கயித்தச் சித்த பிடிச்சு ஆட்டுங்க, வந்தர்றேன். ஏனுங்க, அப்ப உங்களுக்கு மொதல்ல இருந்தே...